ஹாரி என்ஃபீல்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் காமெடி பற்றிப் பேச்சு வந்தால் நான் எப்படியாவது ஹாரி என்ஃபீல்ட் பெயரை இழுத்துவிடுவேன். உடனே கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

யாருங்க இந்த ஹாரி என்ஃபீல்ட்? மிஸ்டர் பீன் தெரியும், மான்ட்டி பைத்தான் கேள்விப்பட்டிருக்கேன். இவரைத் தெரியாதே?

1961இல் தென் இங்கிலாந்தின் சஸெக்ஸில் உள்ள ஹார்ஷம் என்ற ஊரில் பிறந்தவர். யார்க் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார். எண்பதுகளின் நடுவில் தொலைக்காட்சிக்கு வந்து, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு பிரிட்டனில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த முகமாக இருந்தார். லோட்ஸாமணி, ஸ்டாவ்ரோஸ், ஸ்மாஷி–நைஸி, கெவின், டிம் நைஸ்-பட்-டிம் என்று அவர் போட்ட வேஷங்களின் பெயர்களை அங்கே இன்றும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள்.

மிஸ்டர் பீனும் என்ஃபீல்டின் முதல் பிபிசி தொடரும் ஒரே ஆண்டில், 1990இல், தொடங்கியவைதான். பீன் பேசவே மாட்டார், அதனால் உலகம் முழுக்கப் போனார். என்ஃபீல்டின் நகைச்சுவை முழுக்கப் பேச்சில் இருக்கிறது. ஒருவர் வாயைத் திறந்த கணத்தில் அவர் எந்த ஊர், எந்தப் பள்ளி, அப்பாவுக்கு என்ன வேலை என்று பிரிட்டிஷ்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காது இல்லாத ஊர்களுக்கு இவரை ஏற்றுமதி செய்வது கஷ்டம்.

ராயல் என்ஃபீல்டு பைக் கம்பெனிக்காரங்க குடும்பமா?

இல்லை. ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த பைக்கின் பெயர் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையை ஒட்டி வந்தது. பைக் செய்த நிறுவனம் இருந்ததோ ரெட்டிச் என்ற வேறு ஊரில். 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் உருவானது தனிக்கதை. ஹாரிக்கு அது வெறும் குடும்பப் பெயர். அவருடைய அப்பா எட்வர்ட் என்ஃபீல்டும் ஓய்வுபெற்ற பிறகு வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகைப் பத்தி என்று ஓரளவு பிரபலமானவர்.

ஸ்கெட்ச் காமெடின்னா ஸ்டாண்ட்-அப் மாதிரியா?

ஸ்டாண்ட்-அப்பில் ஒருவர் மைக் முன்னால் நின்று தானாகவே பேசுவார். ஸ்கெட்ச் என்பது இரண்டு மூன்று நிமிடக் குட்டி நாடகம். அரை மணி நிகழ்ச்சியில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரும். ஒரே ஆள் விக், மீசை, குரல் மாற்றிக்கொண்டு அடுத்தடுத்து வேறு வேறு ஆளாக வருவார்.

என்ஃபீல்ட் பாணியில் அதே பாத்திரம் வாராவாரம் திரும்பி வந்து, ஏறக்குறைய அதே வேலையைச் செய்து, அதே வசனத்தைச் சொல்லும். "அதே ஜோக்தானே?" என்று அங்கேயும் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கும் சில பாத்திரங்கள் மூன்றாவது முறையோடு போதும் என்றாகிவிடும். ஆனால் அந்தத் திரும்பச் சொல்லலால்தான் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் எல்லோர் வாயிலும் அந்த வசனம் ஏறியது.

ஆரம்பத்துல என்ன பண்ணிட்டிருந்தார்?

கொஞ்ச நாள் வீடு வீடாகப் பால் போட்டார். கூடவே நண்பர் பிரையன் எல்ஸ்லியோடு சேர்ந்து 'டஸ்டி அண்ட் டிக்' என்ற பெயரில் இருவர் மேடை நிகழ்ச்சி நடத்தினார். எல்ஸ்லி பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார். அப்புறம் 'ஸ்பிட்டிங் இமேஜ்'. அரசியல்வாதிகளையும் அரச குடும்பத்தையும் ரப்பர் பொம்மைகளாகச் செய்து கிழித்த நிகழ்ச்சி அது, 1984இல் ஐடிவியில் தொடங்கியது. அதில் பொம்மைகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார்.

முகம் தெரிய வந்தது சேனல் 4இன் 'சாட்டர்டே லைவ்' நிகழ்ச்சியில், ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்க சைப்ரஸ்காரராக. கிழக்கு லண்டனில் கெபாப் கடை, ஆர்சனல் அணி மேல் உயிர், இலக்கணத்தைப் பற்றிக் கவலையே படாத ஓர் ஆங்கிலம். என்ஃபீல்ட் குடியிருந்த பகுதியில் நிஜமாகவே இருந்த ஒரு கெபாப் கடைக்காரரின் பேச்சிலிருந்து பிறந்த பாத்திரம் அது. குடியேறியவரின் உச்சரிப்பைக் கிண்டல் செய்வதாக இன்று பார்த்தால் தோன்றும். உண்மையும்கூட. ஆனாலும் ஸ்டாவ்ரோஸ் கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்று பிரிட்டிஷ் அரசியலைப் பற்றிச் சொல்லும் கருத்துகளில் அடிவாங்குவது அவர் அல்ல, நாடுதான்.

லோட்ஸாமணி, லோட்ஸாமணின்னு எல்லா இடத்துலயும் வருது. அதுல அப்படி என்னதான் இருக்கு?

ஓர் ஆள் மேடைக்கு வருவான். கையில் கத்தையாக நோட்டு. அதைப் பார்வையாளர்கள் முகத்துக்கு நேரே ஆட்டி, "வாயை மூடிக்கிட்டு என் கத்தையைப் பாரு" என்பான். சுவர்ப் பூச்சு வேலை செய்பவன், லண்டன் பக்கத்துக் கொச்சைப் பேச்சு. படிப்பு, ரசனை, அடுத்தவர் கஷ்டம் எதுவும் அவனுக்குத் தேவையில்லை. மொத்த ஸ்கெட்ச்சும் அவ்வளவுதான். துணைப் பாத்திரம் இல்லை, கதை இல்லை. ஒரு மனிதன், ஒரு கத்தை நோட்டு.

அது வந்த நேரம்தான் அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. 1987இல் மார்கரெட் தாட்சர் மூன்றாவது முறையாகத் தேர்தலில் வென்றிருந்தார். 1988 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் நைஜல் லாசன், வருமான வரியின் உச்ச விகிதத்தை 60 சதவீதத்திலிருந்து ஒரே வீச்சில் 40க்கு இறக்கினார். தென்கிழக்கு இங்கிலாந்தில் வீட்டு விலை எகிறியது. வீட்டைப் புதுப்பிக்க ஆள் கிடைக்கவில்லை, பூச்சு வேலைக்காரர் கேட்டதுதான் கூலி. அதே நேரம் வடக்கில் சுரங்கமும் ஆலையும் மூடி வேலையில்லாமல் ஊர் ஊராக உட்கார்ந்திருந்தார்கள். கால்பந்துப் போட்டிகளில் லண்டன் அணி ரசிகர்கள் வடக்கத்தி ரசிகர்களைப் பார்த்து நோட்டை ஆட்டிச் சீண்டிய காலம் அது.

இந்தப் பிளவு முழுவதையும் ஒரு கையசைப்பில் காட்டிவிட்டார்கள். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் நீல் கின்னக் அதே 1988இல் தாட்சர் அரசின் மனப்பான்மையைத் திட்ட இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். பத்திரிகைகள் பொருளாதாரச் செய்திகளிலேயே இந்த வார்த்தையை எழுத ஆரம்பித்தன. லோட்ஸாமணி பெயரில் ஒரு பாட்டு வெளியாகி பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது.

கிண்டல் பண்ணப்பட்டவங்களே அதைக் கொண்டாடினாங்கன்னு படிச்சேன். அப்போ அது தோத்துப்போன நையாண்டிதானே?

அவரைப் பற்றி யோசிக்கத் தகுந்த கேள்வி இதுதான். ஆம், கொண்டாடினார்கள். கையில் புதிதாகப் பணம் புரண்ட இளைஞர்கள் அந்த வசனத்தைக் கத்திக்கொண்டு நோட்டை ஆட்டினார்கள். "இவன் எங்க ஆளு" என்று பெருமைப்பட்டார்கள். என்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் ஒரு மாற்று மருந்து தயாரித்தார். பகர்-ஆல்-மணி என்று வடகிழக்கு இங்கிலாந்துக்காரன் ஒருவன், கையில் பத்துப் பைசா கிடையாது. அவனையும் லோட்ஸாமணியையும் ஜோடியாகவே மேடை ஏற்றினார். நெல்சன் மண்டேலாவின் 70வது பிறந்த நாளுக்காக 1988 ஜூனில் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த மாபெரும் இசை நிகழ்ச்சியிலும் வந்தார். ஆனால் ஏழையைப் போல ஆட யாருக்கு ஆசை? நோட்டை ஆட்டுபவன்தான் நிலைத்தான். கடைசியில் காமிக் ரிலீஃப் என்ற நிதிதிரட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வண்டி மோதி இறந்ததாகக் காட்டி லோட்ஸாமணியைத் தீர்த்துக்கட்டினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாத்திரத்தை அதன் உச்சியிலேயே கொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

தோற்றதா என்றால், என் கருத்து இது: அவன் பார்க்க ஜாலியாக இருந்தான், அங்கேதான் சிக்கல். வெறுக்க வேண்டியவனை இவ்வளவு உற்சாகத்தோடு நடித்தால் கூட்டம் அவன் பக்கம் சாயத்தான் செய்யும். அதே சமயம், உற்சாகம் இல்லாமல் நடித்திருந்தால் கின்னக் வாயில் அந்தப் பெயர் வந்திருக்காது.

எல்லாத்தையும் அவர் ஒருத்தரே எழுதினாரா?

இல்லவே இல்லை. பால் வைட்ஹவுஸ், சார்லி ஹிக்சன் என்ற இருவரைச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேசவே முடியாது. இருவரும் அப்போது லண்டன் ஹேக்னி பகுதியில் பூச்சு வேலையும் பெயின்ட் வேலையும் செய்து பிழைத்துக்கொண்டிருந்தார்கள். காமெடி நடிகர்கள் ஸ்டீபன் ஃப்ரையும் ஹியூ லாரியும் சேர்ந்து குடியிருந்த வீட்டில் இவர்கள் வேலை பார்த்தது பிரிட்டிஷ் காமெடியின் புகழ்பெற்ற கிளைக்கதை. லோட்ஸாமணி ஏன் பூச்சு வேலைக்காரன் என்பது இப்போது புரிந்திருக்கும். வைட்ஹவுஸ் சாரத்தின் மேலே நின்று கேட்ட பேச்சு அது.

பிறகு இந்த இருவரும் 1994இல் 'தி ஃபாஸ்ட் ஷோ' என்று தனி நிகழ்ச்சி தொடங்கி, என்ஃபீல்டுக்கு இணையாகப் பெயர் வாங்கினார்கள். மூன்றாவது ஆள் கேத்தி பர்க், இவருடைய நிகழ்ச்சிகளின் பெண் தூண். 1997இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். விருது தந்த படம் காமெடியே இல்லை, கணவனிடம் அடிவாங்கும் தொழிலாளர் குடும்பத்துப் பெண் வேடம். அதே ஆண்டு என்ஃபீல்ட் நிகழ்ச்சியில் தொப்பியும் அழுக்கு டி-ஷர்ட்டுமாகப் பதின்வயதுப் பையன் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்.

சேனல் 4, பிபிசி, ஸ்கைன்னு குழப்பமா இருக்கு. எது எப்போ வந்தது?

முக்கியமானவை மட்டும். 'சாட்டர்டே லைவ்', 'ஃப்ரைடே நைட் லைவ்' எண்பதுகளின் பிற்பாதியில் சேனல் 4இல். 1989இல் அதே சேனலில் 'நார்பர்ட் ஸ்மித்: எ லைஃப்', பொய்யாக ஒரு மூத்த நடிகரை உருவாக்கி எடுத்த போலி ஆவணப்படம். 'ஹாரி என்ஃபீல்ட்ஸ் டெலிவிஷன் புரோகிராம்' 1990 முதல் 1992 வரை பிபிசி 2இல். அது ஹிட்டானதும் 'ஹாரி என்ஃபீல்ட் அண்ட் சம்ஸ்' என்று பெயர் மாறி 1994இல் பிபிசி 1க்குப் போனது. மற்றவை கீழே வேறொரு பதிலில்.

நார்பர்ட் ஸ்மித்தைத் தவறவிடாதீர்கள். சர் பட்டம் வாங்கிய பழம்பெரும் நடிகரின் வாழ்க்கை வழியாக பிரிட்டிஷ் சினிமாவின் ஐம்பது ஆண்டுகளையும் கிண்டல் செய்கிறது. அந்த மாதிரிக் கலைஞர் பேட்டிகளுக்குப் பேர்போன மெல்வின் பிராக்கே வந்து, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பேட்டி எடுக்கிறார்.

ஸ்மாஷி, நைஸி நிஜ டீஜேக்களையா கிண்டல் பண்றாங்க?

நிஜ டீஜேக்கள் பலரின் கலவை. மைக் ஸ்மாஷ் வேடம் வைட்ஹவுஸுக்கு, டேவ் நைஸ் வேடம் என்ஃபீல்டுக்கு. கற்பனை வானொலி ஒன்றில் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள், போடும் பாட்டோ எப்போதும் ஒன்றுதான். தாங்கள் செய்யும் தர்ம காரியங்களைப் பற்றிப் பேசவே பிடிக்காது என்று சொல்லிவிட்டு அதைப் பற்றியே பேசுவார்கள்.

குறி பிபிசி ரேடியோ 1. இளைஞர்களுக்கான வானொலியை நடுவயதுக்காரர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். 1993இல் மேத்யூ பானிஸ்டர் தலைமைப் பொறுப்புக்கு வந்து பழையவர்களைக் களையெடுத்தார். அதற்கு முன்பே அங்கே மூத்த டீஜேயான டேவ் லீ டிராவிஸ் நேரலையிலேயே ராஜினாமா அறிவித்தார். அடுத்த ஆண்டு பிபிசியே 'ஸ்மாஷி அண்ட் நைஸி: தி எண்ட் ஆஃப் அன் இரா' என்று இந்த இருவருக்கும் வழியனுப்பு விழா போல ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. இந்தப் பாத்திரங்கள்தான் அவர்களை வீட்டுக்கு அனுப்பின என்று சிலர் சொல்வது கொஞ்சம் மிகை. ஆனால் ஊரே சிரித்த பிறகு அந்தத் தொனியில் யாரும் மைக் முன்னால் பேச முடியவில்லை என்பது நிஜம். லோட்ஸாமணி பதிலில் பார்த்ததற்கு நேர் எதிரான விளைவு. இங்கே அடி சரியான இடத்தில் விழுந்தது.

கெவின் ஏன் இவ்வளவு பேமஸ்? சும்மா கத்துற பையன்தானே?

ஆரம்பத்தில் கெவின் அண்ணனின் உயிரை எடுக்கும் சின்னத் தம்பி மட்டும்தான். 1994இல் அவனுக்குப் பதின்மூன்று வயது ஆவதைக் காட்டுகிறார்கள். இரவு. பையன் துள்ளிக்கொண்டு இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. அடித்து முடிப்பதற்குள் தோள் சரிகிறது, கைகள் உயிரில்லாமல் தொங்குகின்றன, வாய் பிளக்கிறது, முகம் கோணுகிறது. பேய்ப்படத்தில் ஓநாயாக மாறும் காட்சி போலவே எடுத்திருக்கிறார்கள். அவன் வாயிலிருந்து முதன்முறையாக வருவது "உங்களைப் பிடிக்கலை, இது அநியாயம்" என்பதுதான். பெற்றோர் மிரண்டுபோய் நிற்கிறார்கள்.

அப்போது என்ஃபீல்டுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. கெவினின் நண்பன் பெர்ரியாக வருபவர் மேலே சொன்ன கேத்தி பர்க். இந்த பெர்ரியிடம் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தன் வீட்டில் எப்படியோ, கெவின் வீட்டுக்கு வந்தால் அவன் அம்மாவிடம் அவ்வளவு பணிவு. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் மரியாதையாகப் பேசுவதைப் பார்த்து ஏங்கிய எந்தப் பெற்றோருக்கும் இது தெரியும். வகுப்பு, உச்சரிப்பு எதுவும் தெரியாமலே சிரிக்க முடிகிற பாத்திரம் என்பதால்தான் இது எல்லைதாண்டிப் போனது. 2000இல் இருவரையும் வைத்து ஒரு முழுப்படமே வந்தது. இபிஸா தீவுக்கு விடுமுறை போகும் கதை. ஸ்கெட்ச்சில் நிற்பது படத்தில் அவ்வளவு நிற்கவில்லை.

பெண்கள் பேசக் கூடாதுன்னு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஃபார்வர்டா வந்தது. அது நிஜமாவே பிரிட்டிஷ் அரசாங்கம் எடுத்ததா?

இல்லை, என்ஃபீல்ட் கோஷ்டி எடுத்தது. முப்பதுகள், நாற்பதுகளின் அரசுப் பிரசாரப் படங்களை அப்படியே நகலெடுத்த வரிசை அது. சம்லி-வார்னர், கிரேசன் என்ற இரண்டு கனவான்கள் வருவார்கள். கிரேசன் வேடம் என்ஃபீல்ட், மற்றவர் ஜான் குளோவர்.

நீங்கள் பார்த்ததில் ஒரு விருந்து. ஆண்கள் நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு பெண் இடையில் புகுந்து தெளிவான, நியாயமான ஒரு கருத்தைச் சொல்கிறாள். மேஜையே உறைந்துபோகிறது. பெண் மூளைக்கு அதிகம் படித்தால் என்னவாகும் என்று பின்னணிக் குரல் எச்சரிக்கிறது. பிறகு அதே விருந்தைச் 'சரியான முறையில்' மறுபடி காட்டுகிறார்கள். இந்த முறை அவள், தனக்கு அதெல்லாம் தெரியாது, பூனைக்குட்டிகளைப் பிடிக்கும் என்கிறாள். எல்லோருக்கும் நிம்மதி. படச்சுருளின் கீறல், இசை, வெளிச்சம் எல்லாம் அவ்வளவு கச்சிதமாக இருப்பதால் பலர் நிஜம் என்று நம்பிவிடுகிறார்கள்.

பணக்காரங்களைக் கிண்டல் பண்ணா சரி. ஏழைங்களையும் ஏன் கிண்டல் பண்றார்?

டிம் நைஸ்-பட்-டிம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயருக்கே 'நல்லவன், ஆனால் மந்தம்' என்றுதான் பொருள். விலையுயர்ந்த தனியார் பள்ளியில் படித்து, மூளையில் ஒன்றும் ஏறாமல், ஆனாலும் எல்லோரையும் "என்ன அருமையான மனுஷன்!" என்று புகழ்ந்துகொண்டே திரிபவன். அவனை ஏமாற்றுபவர்களையும் சேர்த்துத்தான் புகழ்வான். 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டிப் பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஹிஸ்லாப்பும் அவர் கூட்டாளி நிக் நியூமனும் உருவாக்கிய பாத்திரம். அவன் மேல் கோபமே வராது. இவனைப் போன்றவர்கள் கையில்தான் சொத்து இருக்கிறது என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கும்.

எதிர்முனையில் வெய்ன், வெய்னெட்டா ஸ்லாப் தம்பதி. அரசு உதவித்தொகை, சிகரெட், பீட்சா, ஓயாத சண்டை, துவைக்காத துணி. மகளுக்கு ஃப்ராக்மெல்லா என்று பெயர். வேலையில்லாதவர்களைச் சோம்பேறிகள் என்று பத்திரிகைகள் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது அந்தத் திட்டுக்குத் தீனி போட்டது என்ற விமர்சனம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடுதான். கேத்தி பர்க் உழைப்பாளி வர்க்கத்திலிருந்து வந்தவர், அவர் நடிப்பில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கெத்து கிடைத்தது. அவரை எடுத்துவிட்டுப் பார்த்தால் எழுத்தில் இரக்கம் குறைவு.

லிவர்பூல்காரங்களுக்கு இவர் மேல கோபமாமே?

சுருள்முடி, மீசை, பளபளக்கும் டிராக் சூட் போட்ட மூன்று பேர். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒருவன் கொதிப்பான், மற்றவன் "அமைதி, அமைதி" என்று இரண்டு கையையும் தாழ்த்துவான், அடுத்த நொடி இவன் கொதிப்பான். 'புரூக்சைட்' என்ற லிவர்பூல் நெடுந்தொடரைத்தான் கிண்டல் செய்தார்கள். ஆனால் தொடரை மறந்துவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டார்கள் ஜனங்கள். லிவர்பூல்காரர் வேறு ஊருக்குப் போனால் அந்தக் கையசைப்பை யாராவது செய்துகாட்டாமல் விடமாட்டார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு எரிச்சல்.

'மென் பிஹேவிங் பேட்லி' மாதிரி ஹிட் தொடரை விட்டுட்டுப் போனது முட்டாள்தனம் இல்லையா?

அவர் போனபோது அது ஹிட் இல்லை. 1992இல் ஐடிவியில் முதல் பருவம், மார்ட்டின் குளூன்ஸோடு டெர்மட் என்ற வேடத்தில் நடித்தார். ஒரு பருவத்தோடு விலகினார். அந்த இடத்துக்கு நீல் மாரிசி வந்தார். இரண்டு பருவம் முடிந்ததும் ஐடிவியே தொடரைக் கைவிட்டது, பிபிசி எடுத்துக்கொண்ட பிறகுதான் அது உச்சிக்குப் போனது. ஒரே ஆளாகப் பருவம் பருவமாக நடிப்பது இவருக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

2000க்கு அப்புறம் ஆளையே காணோமே?

ஸ்கை ஒன்னுக்குப் போய் 2000இல் செய்த நிகழ்ச்சி ஓடவில்லை. 2002இல் 'பிரைவேட் ஐ' சித்திரக்கதை ஒன்றை வைத்து பிபிசியில் எடுத்த 'செலெப்' தொடரும் நிற்கவில்லை. 2007இல் மறுபடி வைட்ஹவுஸோடு சேர்ந்ததும்தான் மூச்சு வந்தது. அந்தத் தொடர் பிறகு 'ஹாரி அண்ட் பால்' என்று 2012 வரை நான்கு பருவங்கள் ஓடியது. லண்டனின் நாட்டிங் ஹில்லில் பழைய குப்பையைக் கலைப்பொருள் என்று பணக்காரப் பெண்கள் தலையில் கட்டும் கடைக்காரர் அதில் எனக்குப் பிடித்தவர். வாங்குபவரை எதிரிலேயே ஏளனம் செய்வார், அவர்களும் மகிழ்ச்சியோடு பணத்தை எடுத்துத் தருவார்கள்.

பிபிசி 2க்கு ஐம்பது வயதானபோது, 2014இல், அந்தச் சேனலின் வரலாற்றையே இருவரும் ஒரு மணி நேரம் கிழித்தார்கள், பிபிசி செலவில். அதற்கு முன்பே, 2007இல், 'ஸ்கின்ஸ்' என்ற இளைஞர் தொடரில் ஓர் அப்பாவாகவும் வந்தார். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் யார் என்றால், மேலே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பிரையன் எல்ஸ்லி. 2016 முதல் சேனல் 4இன் 'தி விண்ட்சர்ஸ்' தொடரில் இளவரசர் சார்ல்ஸ் வேடம். சார்ல்ஸ் மன்னராக முடிசூடிய 2023லும் ஒரு சிறப்புப் பகுதி வந்தது.

முகத்துல கறுப்புச் சாயம் பூசினார்னு பிரச்சினை ஆச்சே, அது என்ன?

'ஹாரி அண்ட் பால்' காலத்தில் மண்டேலாவாக வேஷம் போட்டார். ஊர் உலகம் மகாத்மாவாகப் பார்க்கும் மனிதரைத் தில்லாலங்கடி வியாபாரியாகக் காட்டும் ஸ்கெட்ச். கறுப்பினத்தவர் என்றாலே திருடன் என்று நினைப்பவர்களைக் குத்துவதே நோக்கம் என்பது அவர் தரப்பு. 2020இல் பிபிசி ரேடியோ 4இன் காலைச் செய்தி நிகழ்ச்சியில் இதற்கு வாதாடப் போய், பழைய இனவெறி வசைச்சொல் ஒன்றையும் நேரலையில் சொல்லிவிட, புகார்கள் குவிந்தன. வெம்ப்ளியில் மண்டேலாவுக்காக மேடை ஏறியவர் இவர் என்பதை நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது.

2008இல் இன்னொன்று. தென் இங்கிலாந்துப் பணக்காரக் குடும்பம் ஒரு வடக்கத்தி ஆளை நாயைப் போல வளர்க்கிறது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ பணிப்பெண்ணை அவனோடு இணைசேர்க்கப் பார்க்கிறார்கள். பிலிப்பீன்ஸ் தூதரகம் கண்டனம் தெரிவித்தது, பிபிசி தரப்பிலிருந்து மன்னிப்பு வந்தது. மனிதரை மிருகமாக நடத்தும் பணக்காரர்தான் குறி என்று வாதிடலாம். ஆனால் வடக்கத்தி ஆளுக்காவது அந்த ஸ்கெட்ச்சில் ஒரு பெயரும் குணமும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. வீட்டு வேலைக்காக நாடு விட்டு நாடு போன பெண்கள் கோபப்படாமல் என்ன செய்வார்கள்?

அப்போ இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைக்காரங்களைப் பத்தி?

அதற்கு இவரிடம் போக வேண்டாம். சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயால் கோஷ்டியின் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' 1998இல் பிபிசி 2க்கு வந்தது. கிண்டலைத் திருப்பிக்கொடுத்த நிகழ்ச்சி. குடித்துவிட்டு இந்திய ஓட்டலுக்குப் போய் அலப்பறை செய்யும் ஆங்கிலேயர்களைத் தலைகீழாக்கி, இந்தியர்கள் ஆங்கில ஓட்டலுக்குப் போய் இருப்பதிலேயே சப்பென்ற உணவு எது என்று கேட்கும் ஸ்கெட்ச் அங்கே காவியம்.

இவர் எந்தக் கட்சி?

எண்பதுகளில் தாட்சருக்கு எதிரணி என்பதில் சந்தேகமே இல்லை. இளவயதிலேயே கிழவர் போலப் பேசும் கன்சர்வேட்டிவ் பையன், 'டோரி பாய்' என்று ஒரு பாத்திரமும் உண்டு. 1977இல் பதினாறு வயதில் கட்சி மாநாட்டில் முழங்கி, பின்னாளில் கட்சித் தலைவரான வில்லியம் ஹேக் பலருக்கு நினைவுக்கு வருவார். ஆனால் கட்சி நையாண்டி இவரிடம் குறைவு. ஜுர்கன் என்ற ஜெர்மன் இளைஞனைப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் தன் நாடு போரில் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பான், எதிரில் இருப்பவர்கள் நெளிவார்கள். அதில் எந்தக் கட்சி இருக்கிறது? நடத்தையைத்தான் இவர் பார்க்கிறார்.

எனக்கு அவங்க இங்கிலீஷே புரியாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கெவினின் பதின்மூன்றாம் பிறந்த நாள், பிறகு சம்லி-வார்னர் வரிசை. முதலாவதற்கு மொழியே தேவையில்லை, இரண்டாவதில் பழங்கால பிபிசி ஆங்கிலம், நிதானமாக இருக்கும். அப்புறம் நாட்டிங் ஹில் கடைக்காரர், டிம். லிவர்பூல் மூவரைச் சப்டைட்டில் இல்லாமல் தொடாதீர்கள். லோட்ஸாமணியைக் கடைசிக்கு வையுங்கள், 1988 பட்ஜெட் பற்றி மேலே சொன்னதை ஒரு முறை படித்துவிட்டு. பார்க்கும்போது மேடையில் இருப்பவனை விட்டுவிட்டு, சிரிக்கும் கூட்டத்தின் சத்தத்தைக் கவனியுங்கள்.